கொக்கு கார்க்காரர்

ஒரு பொருளை நம்புகிறேன் என்று ஒருவன் சொல்லும்போது அவன் நம்புவது அந்தப் பொருளைத்தானா, இல்லை அதைப் பற்றித் தானே இத்தனை காலம் பேசிவந்த பேச்சையா? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வராமல் இருக்காது. அவருக்கு வந்ததா என்பது தெரியாது.

தெருவில் அவருக்குக் கொக்கு என்று பெயர். ஆள் குள்ளம், கழுத்து இருக்கும் இடம் தெரியாது. ஆனால் வைத்திருந்தது கொக்கு மார்க் கார். முதலில் வாங்கியது அது, அதை விற்று வாங்கியதும் அதுவே, அப்போது வாசலில் நின்றதும் அதுதான். முன்பக்கக் கம்பி வலையின் நடுவில் ஒற்றைக்காலில் நிற்கும் அந்த வெள்ளிக் கொக்கைத் தினமும் துடைப்பார். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணிதான் அதற்கும்.

கடைக்கு வருகிறவர்கள் பார்வையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் எஞ்சினைப் பற்றிப் பத்து வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். கொக்கு எஞ்சினுக்குள் ஓடுவது செயின், நண்டு மார்க் காரில் ஓடுவது வெறும் பெல்ட் என்பார். செயின் தேயும்போது சத்தம் போட்டுச் சொல்லும், பெல்ட் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து கழுத்தறுக்கும் என்பார். மூன்று சிலிண்டர் வண்டிகளை அவர் வண்டிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டர்போ என்றால் நோஞ்சானுக்கு ஊக்கமருந்து கொடுத்து ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது. இதில் பாதி சரி. மீதியையும் அதே குரலில் சொன்னதால் எது எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியவில்லை.

அவருடைய நியாயத்தராசு ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது. கொக்கு வழியில் நின்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். நண்டு நின்றால் பிறவிக் கோளாறு.

"நண்டு நேரா போகாது மாப்ள, பக்கவாட்டுலதான் போகும்" என்பார் மனைவியின் தம்பியிடம். அவன் இரண்டு வருடமாக நண்டுதான் வைத்திருந்தான்.

"பக்கவாட்டுல போனாலும் போய்ச் சேருது மச்சான். உங்க கொக்கு ஒத்தைக்கால்ல நின்ன இடத்துலயே நிக்குதே."

அந்தக் கேலியில் உண்மை இருந்தது. பழைய கொக்கு காலையில் கிளம்ப மறுக்கத் தொடங்கியிருந்தது. அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவர் இல்லை, அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அவர் கடைக்கு நடந்தே போய்விடுவார். ஒரே மாதத்தில் இரண்டு முறை வண்டி மேம்பாலத்தின் மேல் நின்றுபோய், இரவு முழுக்க விழித்திருந்த வேறொரு நர்ஸ் அவளுக்காகக் காத்துக் கிடக்கும்படி ஆயிற்று. இன்னொரு தடவை தாமதமானால் மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடம் குழந்தைகளைக் கையில் வாங்கியவள் அட்டைப்பெட்டிகளை எண்ணப் போகவேண்டும்.

"புது வண்டி வாங்கியே ஆகணும்" என்றாள்.

"வாங்கலாம். புதுக் கொக்கு வந்திருக்கு."

"நண்டையும் பார்க்கலாமே. தம்பி வண்டி ஒரு நாள் நின்னதில்ல."

"காது இருக்கிறவன் அதை வாங்க மாட்டான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன், எது கொக்கு எது நண்டுன்னு. சத்தமே சொல்லிடும்."

அந்த வார்த்தையை அவள் விடவில்லை. அவர் கடையில் செய்யும் ஒரு வேலை அவளுக்குத் தெரியும். பரிசோதனைச் சட்டத்தில் ஒரு கண்ணாடியைப் போட்டு "இது தெளிவா?" என்பார், அடுத்ததைப் போட்டு "அது தெளிவா?" என்பார். நடுவில் ஒரு முறை, எடுத்த கண்ணாடியையே மறுபடி போட்டுவிட்டுக் கேட்பார். பெரும்பாலானவர்கள் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள், சிலர் மோசம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிறவர் அபூர்வம். ஏமாந்தவர்களைப் பற்றி வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மனசு முடிவு பண்ணிடுச்சுன்னா கண்ணு அதுக்குச் சாட்சி சொல்லும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாக அவர்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கின் ஷெட்டில் ஏற்பாடு செய்தாள். சர்வீசுக்கு வந்த ஒரு புதுக் கொக்கும், அதே வருடத்து நண்டும் பக்கம் பக்கமாக நின்றன. அவளும் தம்பியும் இவரை ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார்கள். டயர்கள் அடுக்கிய சுவர். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மெக்கானிக் ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்தார். கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், இன்னொரு கதவு. மறுபடி எஞ்சின் கிளம்பியது.

"முதல்ல வந்தது கொக்கு" என்றார் உடனே. "மூச்சு பாருங்க, தூங்குற குழந்தை மாதிரி. இது நண்டு. தகர டப்பாவுல கூழாங்கல்லப் போட்டு ஆட்டுற சத்தம் கேக்குதா?"

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மெக்கானிக் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டும் ஒரே வண்டிங்க" என்றாள் மனைவி. "ரெண்டு தடவையும் நண்டுதான்."

அவர் எழுந்து வந்து கொக்கின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. நண்டின் மேல் வைத்தார், எடுத்துவிட்டார். சூடு.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. முதல் முறை அவர் தூங்கும் குழந்தையைக் கேட்டார், இரண்டாம் முறை கூழாங்கல்லைக் கேட்டார். ஒரே இரும்பு, ஒரே எண்ணெய். கேட்டது காதா, வேறெதுவோவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"என் தொழிலையே எனக்குக் காட்டிட்டியே" என்றார் அவளிடம். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. வீடு வரை நடந்தே வந்தார்.

அந்த வாரம் முழுக்க எஞ்சின் பேச்சு இல்லை. கடையில் ஒருவர் டீசலா பெட்ரோலா என்று கேட்டதற்கு, "தாடையைச் சட்டத்துல வைங்க" என்று மட்டும் சொன்னாராம். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜெயிப்பதற்காக அவள் அதைச் செய்யவில்லை. மெக்கானிக்கிடம் தனியாகப் போய் விசாரித்தாள்.

"ரெண்டுமே நல்ல வண்டிதாம்மா. புதுக் கொக்குல ஒரு குறையும் இல்ல. பழசு நிக்குதுன்னா அதுக்கு வயசாச்சு, அவ்வளவுதான். எதை வாங்கினாலும் நீங்க நேரத்துக்குப் போயிடுவீங்க."

அன்று மாலை சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "நீங்க கொக்கே வாங்குங்க. மனசாரச் சொல்றேன். காலைல சாவியப் போட்டா கிளம்பணும், எனக்கு அது போதும். உங்களுக்குப் பிடிச்சது வாசல்ல நிக்கட்டும்."

"ம்" என்றார்.

மறுநாள் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வண்டி வாங்கத் தனியாகப் போனார். தம்பி கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். என்ன வரும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளே மனதார விட்டுக்கொடுத்தாயிற்று, மெக்கானிக்கும் நற்சான்று கொடுத்தாயிற்று, இனி அவரைத் தடுக்க உலகத்தில் ஒன்றும் இல்லை.

வார்டிலிருந்து அவள் திரும்பியபோது வாசலில் நின்றது நண்டு.

தம்பி இதைத் தன் வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மெக்கானிக், அவர் தனக்குத் தானே அபராதம் போட்டுக்கொண்டார் என்றார். இரண்டுமே எனக்குச் சுலபமான பதில்களாகத் தோன்றுகின்றன. ஏனென்றால் அடுத்த வாரமே, புது வண்டி வாங்க யோசனை கேட்ட பல் டாக்டரிடம் அவர் கொக்கின் செயினைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கிறார், பழைய குரலில், ஒரு பிசிறு இல்லாமல்.

அன்று வாசலில் அவள் கேட்கத்தான் கேட்டாள். "என்னங்க இது? நான்தான் கொக்கு வாங்கச் சொன்னேனே. ஏன்?"

அவர் சாவியை அவள் கையில் வைத்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"சீட்ட முன்னால இழுத்துப் பாரு. உனக்குக் கால் எட்டுதா?"