முட்டுச் சுவர்கள்

யுத்தம் முடிந்து, கற்பிட்டிக் கரையில் கட்டட வேலைகள் மெல்லத் தொடங்கிய காலம். எங்கள் ஊர் மாதா கோயிலைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் என் அக்காவின் கணவர். நாலு மீன்பிடி வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவள். கோதிக் கட்டடக் கலையை வருடாவருடம் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துபவள் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல என்பது முதற் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

இத்தாலியில் வேலை செய்யும் தன் மருமகன் அனுப்பிய மிலான் பேராலயத்தின் படத்தை அத்தான் மேசையில் வைத்தார்.

"இப்பிடித்தான் வேணும். முன்பக்கம் முழுக்கக் கூர் கூரா."

"எங்கட கோயிலும் அந்த வகைதான் அத்தான். கூர் வளைவு சன்னல் இருக்கு, வெளியில முட்டுச் சுவர் இருக்கு. கூரை சுவரை வெளியால தள்ளும். அந்தத் தள்ளலை முட்டு தாங்குது. அதாலதான் இவ்வளவு பெரிய சன்னல் வைச்சு வெளிச்சத்தை உள்ளுக்கு எடுக்கலாம். கோதிக்கில வெளிச்சம்தான் விசயம்."

"ஓம், ஓம்," என்றார், படத்தைப் பார்த்தபடியே.

மூன்று கூட்டங்களில் இதையே சொன்னேன். ஒருமுறை மணலில் கீறியும் காட்டினேன்.

திருவிழா நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை பாடசாலை விட்டு வந்தால், தெற்குப் பக்கத்து முட்டுகளில் இரண்டைக் காணவில்லை. முச்சக்கர வண்டிகள் நிறுத்த இடம் போதாதென்று அத்தானின் ஆட்கள் இடித்துவிட்டார்கள். பூச்சு வேலைக்கு வந்திருந்த மேசன், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து கரைத்தீவில் குடியிருக்கும் முஸ்லிம் மனிதர், மூன்றாவது முட்டுச் சுவரை மறித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், உடைக்க ஏலாதெண்டு எத்தினதரம் சொல்லிட்டன். கேக்கிறாங்க இல்ல. அந்தா, மேல பாருங்க."

சன்னல் வளைவின் உச்சியிலிருந்து கூரை வரை விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஓடுகள் நழுவி விழுந்தன.

ஆட்களோடு நின்ற அத்தானிடம் என் குரல் எப்படி அவ்வளவு உயர்ந்ததோ தெரியாது. "உங்கட வள்ளத்தக் கரையில முட்டுக் குடுக்காம நிப்பாட்டுவீங்களா அத்தான்?"

அவர் முகம் வெளிறியது. அப்போதுதான் விளங்கியது போலும். கடற்கரைக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தார். மேசன் காட்டிய இடங்களில் தென்னங்குற்றிகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். சுவர் நின்றது. திருவிழாப் பூசை மட்டும் வெளியே, படங்குப் பந்தலுக்குக் கீழே நடந்தது.

பிறகு மேசன் அந்த இரண்டு முட்டுகளையும் அத்திவாரத்திலிருந்து கட்டினார். அத்தான் சும்மா இருக்கவில்லை. அவற்றின் தலையில் சீமெந்துக் கூர்கள் வைத்து, பொன்னிறம் பூசுவித்தார். வருகிறவர்களிடம் முட்டின் அருமையைத் தானே கண்டுபிடித்தவர் போல விளக்குவார். மேசன் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

உள்ளே நடந்த முதற் பூசையன்று காலை வெயில் சன்னல்கள் வழியாக இறங்கி, நடுத் தளம் முழுக்கப் பரவிக் கிடந்தது. இதாவது மிஞ்சியதே என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் அத்தான் வந்தார்.

"பிள்ள, வெயில் கண்ணுக்குள்ள குத்துது. சன்னலுக்கெல்லாம் தடிச்ச திரைச்சீலை போடுவம். நீ நிறத்த மட்டும் சொல்லு."