பசை டீச்சரின் ஆமைகள்

எங்கள் பள்ளியில் அவளுக்குப் பெயர் பசை டீச்சர். கைவேலை வகுப்பு எடுப்பவள். விரல் நுனியில் எப்போதும் காய்ந்த பசை ஒட்டியிருக்கும். எதிலாவது கையெழுத்துப் போட்டால் தாளும் கூடவே எழுந்து வரும். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே கத்தரிக்கோல் விழுந்தால் இங்கே என் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்.

எதையும் தூக்கிப் போட மனசு வராதவள். பால் அட்டைப்பெட்டி அவள் கையில் குருவி வீடாகும், பழைய பேப்பர் பையாகும், சட்டைப் பொத்தான் வண்டாகும். "வீட்டுல கொஞ்ச நேரம் அசையாம உட்காரவே பயமா இருக்குங்க. என்னையும் வெட்டி எதையாவது ஒட்டிடுவா" என்று அவள் வீட்டுக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார். இத்தனை ஒட்டியவளுக்கு வேலை மட்டும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வருடமும் தற்காலிகம்தான்.

இந்த வருடம் பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, அவளைக் கூப்பிட்டு, கைவேலைக் கண்காட்சிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் உன் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் காலி பாட்டிலில் ஆமை செய்ய வைப்பதாகத் திட்டம். பாட்டிலின் அடிப்பாகத்தை அவள் வெட்டித் தருவாள். பிள்ளைகள் அதற்குப் பச்சை பூசி, அட்டையில் தலையும் காலும் வெட்டி ஒட்டுவார்கள். "வீட்டுல தூக்கிப் போடற பாட்டிலைக் கழுவிக் கொண்டு வாங்க" என்றாள்.

கொண்டு வந்தார்கள். எண்ணெய் பாட்டில், ஷாம்பு பாட்டில், தரை துடைக்கிற மருந்து பாட்டில். அந்த வகுப்பில் முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை உண்டு. வாயை மூடாது, அதனால் ரேடியோ என்போம். அது தன் அப்பாவோடு உட்கார்ந்து லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்த கதையை வாசலில் நின்று வருகிற எல்லோரிடமும் சொன்னது.

பெரிய டீச்சர் வந்து பார்த்தார். "என்னம்மா இது, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. எண்ணெய் வாடை வேற. வர்றவர் மூக்கைப் பொத்திக்கிட்டா யாருக்கு அவமானம்? எல்லாம் ஒரே அளவா, பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பசை டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே கட்டுக் கட்டாகப் புதுத் தண்ணீர் பாட்டில்கள், சீல் உடைக்காதவை.

"என்னடி இது? குப்பையில செய்யறதுக்குக் கடையில போய் வாங்கிட்டு வர்றே?"

"இந்த ஒரு தடவை மட்டும்க்கா. என்னை எதுவும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். குழாயடியில் வரிசையாக நின்று மூடியைத் திருகி, குடிக்க முடிந்த மட்டும் குடித்து, மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்தவற்றையெல்லாம் அவள் ஒரு சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். அப்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

கண்காட்சி அன்று மேசை முழுக்க ஆமைகள், எல்லாம் ஒரே அளவு. பின்னால் சுவரில் 'எதையும் வீணாக்காதே' என்று பிள்ளைகள் எழுதிய பெரிய தாள். அதிகாரி சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து, கூட்டத்தில் சரியாக ரேடியோ முன்னால் போய்க் குனிந்தார்.

"இதை எப்படிம்மா செஞ்சே?"

அது கையைக் கட்டிக்கொண்டு பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்தது. "முதல்ல புது பாட்டில் எடுக்கணும் சார். மூடியைத் தொறக்கணும். உள்ள இருக்கற தண்ணியெல்லாம் கீழ ஊத்திடணும். அப்புறம் டீச்சர் வெட்டித் தருவாங்க."

"வீட்டுல பழைய பாட்டில் இல்லையா?"

"இருந்துச்சு சார். நான் கழுவிக் கொண்டு வந்தேன். அது நல்லா இல்லைன்னு டீச்சர் குப்பை வண்டியில போட்டுட்டாங்க."

கோள் சொல்லும் குரல் இல்லை அது. கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட சந்தோஷம்தான். அதிகாரி சுவரைப் பார்த்தார், பசை டீச்சரைப் பார்த்தார், "நல்லா பேசறேம்மா" என்று சொல்லி அடுத்த மேசைக்கு நகர்ந்தார். சுற்றி நின்ற பெற்றோரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

அவள் எப்போது அங்கிருந்து போனாள் என்று தெரியவில்லை. தேடிப் போனபோது தன் அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குக்கா. வேலை போனா போகுது. அந்தக் குழந்தை அதைப் பாடமா சொல்லுது, பார்த்தீங்களா? தண்ணியைக் கீழ ஊத்தணும்னு நான் சொல்லிக் கொடுத்ததுதானே அது."

பக்கத்தில் உட்கார இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்தேன். அதற்குள் வாசலில் ரேடியோ நின்றது, கையில் ஆமை. டீச்சரின் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கிட்டே வந்து, இந்தப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசியது.

"அழாதீங்க டீச்சர். இனிமே யாராவது கேட்டா, பழைய பாட்டில்னே சொல்லிடறேன்."

எனக்கே உடம்பு கூசியது. பசை டீச்சர் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்தாள், குழந்தையின் கையைப் பிடித்தாள், பெரிய டீச்சர் அறைக்கு நடந்தாள். அதிகாரி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இவ சொன்னதெல்லாம் உண்மை. பாட்டில் வாங்கினது நான். ஊத்தச் சொன்னதும் நான்தான்."

"அதான் குழந்தையே சொல்லிடுச்சேம்மா."

"அவ சொன்னா பத்தாது சார். நான் சொல்லணும்." தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி கோப்பையைக் கீழே வைத்து, "வேலை விஷயம் அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோவின் குரல் பழையபடி ஓங்கிவிட்டது.

"அப்போ என் பாட்டிலைத் திருப்பிக் குடுங்க டீச்சர். அதுல இன்னொரு ஆமை செய்யலாம்."

அவள் வராந்தா நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.