தாழிக்குள் போன இடது கை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. பெரு நாட்டுச் சுலுகானாஸ் ஊரில், என் வீட்டுப் பின்கட்டில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது. ராத்திரிதான் பயம் வரும் என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

என் பெயர் எர்லின்டா யமுனாக்கே. முதலாளி டான் அரிஸ்டோபுலோவின் பட்டறையில் பல வருஷம் பானைகளுக்கு மெருகு போட்டேன். சுவருக்கு அப்பால் ஆண்கள் பானை தட்டுவார்கள். டொக்... டொக்... அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். இடது கை உள்ளே கூழாங்கல்லைப் பிடித்துக்கொள்ளும், வலது கை வெளியே பலகையால் அடிக்கும். நடுவில் மண் மெலிந்து வயிறு உப்பும். எட்டி எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பிறகு வேலையை விட்டேன். பின்கட்டில் இருந்த கோழிகளை விற்றுக் கூரை போட்டேன், சூளை கட்டினேன்.

டான் அரிஸ்டோபுலோதான் எங்கள் சங்கத் தலைவர். அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் சொந்தப் பெயரில் பட்டறை பதிய முடியாது.

"மெருகு போடுறவளுக்குத் தனிப் பட்டறை கேக்குதோ?" என்றார். "ஒத்த ஆளா பெரிய தாழி ஒண்ணு தட்டிட்டு வா. கையெழுத்துப் போடுறேன். வரலைன்னா பழைய இடம் காலியாத்தான் இருக்கு."

அந்த வாரமே தாழியைத் தொடங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் ஊரே உண்ட மயக்கத்தில் படுத்திருந்தது. என் கணவர் ஹெராசிமோ மோட்டோ டாக்ஸி ஓட்டப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் நாத்தனார் மெல்வா கும்பியாப் பாட்டை அலறவிட்டிருந்தாள். முற்றத்தில் பானைகளுக்குக் கறுப்பேற்றப் புகை போடுவதற்கான மாவிலைகள் காய்ந்து கிடந்தன. தாழி என் முழங்கால் உயரம். மண் சரியான பதத்தில் இருந்தது. இந்த வெயிலில் பாதியில் நிறுத்தினால் விரிசல் விட்டுவிடும். அதனால் விடாமல் தட்டினேன்.

டொக்... டொக்... டொக்.

வியர்வையைத் துடைக்க நிறுத்தினேன்.

டொக்.

எதிரொலி என்று நினைத்தேன். மறுபடி தட்டி, மறுபடி நிறுத்தினேன்.

டொக்.

உள்சுவரைத் தடவினேன். சொதசொதவென்று ஈரம். நான் உள்ளே தண்ணீர் தடவவே இல்லை.

கூழாங்கல் கையிலிருந்து வழுக்கியது. விழுந்த சத்தம் வரவில்லை... குனிந்து துழாவினேன். முழங்கை போனது. தோள் போனது. கன்னம் விளிம்பில் இடித்தது. அடி தட்டுப்படவில்லை.

தாழியின் அடிப்பாகம் என் கண் முன்னேதான் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

கையை இழுக்கப் போனேன். அப்போது...

உள்ளங்கையில் கல் வந்து உட்கார்ந்தது.

யாரோ வைத்தார்கள். மெதுவாக. என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார்கள்.

சில்லென்ற கை.

பிடித்துக்கொண்டது.

"மெல்வா!"

கும்பியா மட்டும்தான் கேட்டது. தாழியை உடைத்துவிடலாம் என்று பலகையால் ஓங்கி அடித்தேன். பாதி ஈர மண் உடையாது, உள்ளே அமுங்கும். அமுங்கியது. பிடி இறுகியது. எலும்பு நொறுங்குகிற வலி. அமுங்கிய இடம் உள்ளிருந்து தானாக வெளியே உப்பியது.

தட்டு என்கிறது. புரிந்துவிட்டது.

தட்டினேன். நிறுத்தினால் இறுகியது. தட்டினால் தளர்ந்தது. உள்ளே என் கையை அதுதான் நகர்த்தியது. விளிம்பு என் கையைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்தது.

அழுதேன். தட்டினேன்.

டொக்.

டொக்...

"அண்ணி, சாப்பிடக்கூட வராம அப்படி என்ன வேலை?"

வாசலில் மெல்வா, கையில் சிச்சா என்கிற சோளக் கள் குடுவையோடு. அந்த நொடியில் என் கை சுலபமாக வெளியே வந்தது.

"ஐயோ, ஏன் அழுவுறீங்க? தாழி என்ன அழகா வந்திருக்கு." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "அதென்ன, தோள் வரைக்கும் சேறு? தாழி இத்துனூண்டுதானே இருக்கு?"

அன்றே அதை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. பட்டறை என் பெயரில் வேண்டும் என்ற வெறி. சுட்டு எடுத்துக் கொண்டுபோனேன். டான் அரிஸ்டோபுலோ சுண்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், ஒரு குறையும் கிடைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதிவு அலுவலகத்தில் ரேகை வைக்கச் சொன்னார்கள். வலது கையை இயந்திரம் ஏற்கவில்லை.

"உங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் இதே கதைதான்," என்று சிரித்தாள் அங்கிருந்த பெண். "மண்ணு ரேகையைத் தின்னுடுது. இடது கையை வைங்க."

வைத்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"எர்லின்டா யமுனாக்கே."

"டெல்மிரா பசாச்சேன்னு வருதே."

மற்ற நான்கு விரல்களையும் வைத்துப் பார்த்தோம். நான்கும் டெல்மிராதான். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். நான் பார்த்ததே இல்லை.

"யாருங்க இது?"

"காணாமப் போனவங்க," குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க ஊர் ஓடைக்கு மண்ணு வெட்டப் போயிருக்காங்க. கரை சரிஞ்சிடுச்சாம். தோண்டியும் உடம்பு கிடைக்கலைன்னு போட்டிருக்கு... மன்னிச்சுக்கோங்க. இதை வச்சு உங்க பேருல பதிய முடியாது."

எங்கள் ஊரில் எல்லோரும் மண் எடுப்பது அந்த ஓடையில்தான்.

இடது கை இப்போதும் நன்றாகவே வேலை செய்கிறது. இதை எழுதும்போதுகூடக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து விரலும் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் எனக்கு உணர்வு வருவது வேறெங்கிருந்தோ. அங்கே ஈரமாக இருக்கிறது. விரல்களை மடக்க இடமில்லை. மேலே கனமாக மண்.