மியூட்டில் பாடிய லிஃப்ட் அண்ணன்

லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் அவர் தொழில் கொடுத்த சொத்து. கீழே குழியில் நின்றுகொண்டு, மேல்மாடியில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்க வேண்டுமே என்று காலமெல்லாம் கத்திய தொண்டை. வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். மனைவி போன பிறகு உப்பு கேட்கவும் ஆளில்லை. அந்தத் தொண்டை சும்மா கிடந்தது.

வெளியூரில் இருக்கும் மகள்தான், இணையத்தில் சேர்ந்து பாடும் குழு ஒன்றில் அவரை மாட்டிவிட்டாள்.

"எனக்குப் பாட வராதே, கண்ணு."

"யாருக்குப்பா வருது? எல்லாரும் மியூட்லதான் பாடணும். இல்லன்னா ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேரும். டீச்சர் குரல் மட்டும்தான் கேக்கும். நீங்க கத்தினாலும் ஈ காக்காவுக்குக்கூடக் கேக்காது."

கேட்காது என்ற தைரியத்தில் மனுஷன் வெளுத்துவாங்கினார். ஞாயிறு மாலையானால் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் ஊர்க்கதை ஓடும். "லிஃப்ட் அண்ணே, இருமல் எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அவர் இருமலை விசாரிக்க இருந்த ஒரே இடம் அதுதான்.

ஒரு ஞாயிறு, திரையில் எண்ணெய்ப் பிசுக்கு. சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததில் மியூட் போய்விட்டது. அது தெரியாமல் பல்லவியை எடுத்தார் பாருங்கள்! டீச்சர் திறந்த வாயோடு நின்றுபோனார். கட்டம் கட்டமாக இருந்த முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. நெட்டு மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தவர், போனைக் கிட்ட இழுத்து இன்னும் ஓங்கிப் பாடினார். "ஐயோ, யாருங்க அது?" என்று ஒரு குரல் வந்தபோதுதான் உறைத்தது. போனையே அணைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் சேரவில்லை. மானம் கப்பலேறியதுகூடப் பரவாயில்லை; இனி இருமலை யாரிடம் சொல்வது என்றுதான் அழுகை வந்தது. சட்டையை மட்டும் பழக்கதோஷத்தில் இஸ்திரி போட்டிருந்தார்.

போன் அடித்தது. டீச்சர்.

"அண்ணே, நல்லாப் பாடினீங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். சுருதி ஒரு மாடியில, நீங்க ஒரு மாடியில."

"மன்னிச்சிடுங்கம்மா. நானே விலகிடறேன்."

"அட, கேளுங்க. இத்தனை நாளா அவங்கவங்க வீட்ல தனியாத்தான் பாடிட்டிருந்தோம். அன்னைக்குத்தான் பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்குக் கடைசிப் பாட்டுக்கு யாருக்கும் மியூட் கிடையாது. சீக்கிரம் வாங்க."

சேர்ந்தார். கடைசிப் பாட்டு தொடங்கியது. ஒருவர் சரணத்துக்கே போய்விட்டார். இன்னொருவர் பல்லவியை விட்டு நகரவில்லை. எங்கோ குக்கர் விசிலடித்தது, ஒரு குழந்தை வீறிட்டது, யாரோ தும்மினார்கள். கேட்கச் சகிக்கவில்லை. அவர் வீடு நிறைந்துவிட்டது.

"லிஃப்ட் அண்ணே, உங்க குரலக் காணோமே? மியூட்ல இருக்கீங்களா?"

மியூட்டில் இல்லை. சட்டை நுனியால் இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, மியூட்லதான் இருக்கேன்" என்றார், அத்தனை பேர் காதிலும் விழும்படி.