டிக்கெட்டின் பின்னால் எழுதிய நேரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸின் நரைமீசைக் கண்டக்டர், டிக்கெட் கொடுக்கும்போது ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் என் அண்ணன் கையிலிருந்து டிக்கெட் நழுவியது.

"அண்ணாச்சி, செத்த சிரிங்க" என்றார் கண்டக்டர்.

அண்ணன் வாய் ஒருபக்கம் கோணியது.

"வெயில் மயக்கந்தான். சோடா குடுத்தா சரியாயிரும்" என்றேன்.

"ஒண்ணும் குடுக்காதிய, பொரையேறிரும். இது பக்கவாதம்."

டிக்கெட்டின் பின்னால் 'கை சோர்ந்தது 10.20' என்று எழுதி என்னிடம் திணித்தார். "டாக்டரு மொதல்ல இதத்தான் கேப்பாரு."

இரட்டை விசில் கொடுத்தார். ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரி வாசல்வரை பஸ் எங்கும் நிற்கவில்லை. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்டார்.

அண்ணன் இப்போது அந்தக் கையால்தான் டிக்கெட் வாங்குகிறார். கண்டக்டர் இன்றும் உற்றுப் பார்க்கிறார். நாங்கள் இருவரும் வாய் நிறையச் சிரித்துக் காட்டுகிறோம்.