அத்தை வீட்டுக் குரோமோசோம்கள்

அருப்புக்கோட்டையில் என் தாத்தா விட்டுப்போனது ஒரு விசைத்தறிக் கூடம். அது அப்பாவுக்கும் அத்தைக்கும் இரண்டாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக, விலங்கியல் படித்திருந்த என்னை அத்தை மகனுக்குக் கட்டிவைத்தார்கள். கூடத்தை ஒட்டியே வீடு.

பிள்ளை பிறந்த பிறகுதான் பாடப் புத்தகம் நினைவுக்கு வந்தது. செல் பிரிவதில் முக்கியமான வகைகள் இரண்டு. மைட்டாசிஸில் ஒரு செல், குரோமோசோம்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, தன்னைப் போலவே இரண்டாகிறது. பிள்ளை வளர்வதும் சிராய்ப்பு ஆறுவதும் அதனால்தான். மியாசிஸ், கருமுட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் நடப்பது. குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, இரண்டு முறை பிரிந்து, பாதியாகின்றன. ஒரு செல்லைப் போல் இன்னொன்று இருக்காது. அம்மாவின் பாதியும் அப்பாவின் பாதியும் சேர்ந்து பிள்ளை. சொந்தத்தில் கட்டினால், தாத்தாவிடம் ஒளிந்திருந்த ஒரே குறை இரண்டு பாதியிலும் வந்து சேரலாம். உதாரணமாகப் புத்தகம் முதலில் சொன்னது, காது கேளாமை.

அத்தையிடம் விளக்கினேன்.

"பாதியாவது மீதியாவது! பேரன் அப்படியே எங்க அய்யா அச்சு. அந்தச் சப்பை மூக்கு மட்டும் ஒங்க அம்மா வழி."

அத்தையைப் பொறுத்தவரை, அவர் குடும்பத்தில் மைட்டாசிஸ் தவிர வேறெதுவும் நடந்ததில்லை.

பிள்ளையின் தலைமாட்டில் சோற்றுத் தட்டைப் போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. குக்கர் மூடியைத் தட்டினேன். கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மதுரைக்குப் போய்க் காட்டிருவோம், அத்தான்" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

அவர் சரியென்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஏத்தா, செவிடுன்னு ஊரே பேசணுமா? ரொம்பப் படிச்சா இப்படித்தான்."

அழுதுகொண்டே பையில் துணிகளை அடுக்கினேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

பிள்ளை திடுக்கிட்டு விழித்து, வீறிட்டான்.

"அய்யோ" என்றேன், மெதுவாகத்தான். சட்டென்று அழுகையை நிறுத்தி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வயிற்றில் இருந்த நாள் முதல் தறிக்குப் பக்கத்திலேயே கிடந்தவனுக்கு, என் தட்டும் மூடியும் எம்மாத்திரம்?

அத்தை ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார். "தறி நின்னா எங்க அய்யாவும் இப்படித்தான் முழிச்சுக்குவாக. அப்படியே உரிச்சு வச்சிருக்கான்!"

பையைப் பிரிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தில் காதுக்கு அடுத்துச் சொல்லியிருந்தது கண் என்பது நினைவுக்கு வந்தது. எடுத்த துணியைத் திரும்ப உள்ளே வைத்தேன்.