அண்ணன் விட்டுக்கொடுக்காத வலது கை

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி நான் எழுதுவேன் என்று உறவினரும் நண்பருமான நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். பொறுமையாக இருந்தவன் நான்.

அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். எனக்கு இரண்டு வயது மூத்தவர். பெற்றோரை இழந்தபின், வெள்ளைக்காரர்களுக்குள் பெரிய சண்டை நடந்த காலத்தில், இருவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடல் கடந்து பாலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தோம். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் பங்கு மரங்களையும் சேர்த்துப் பாலுக்காக வெட்டி, இரண்டு பேர் பாலையும் தோளில் சுமந்தவர் அவர். அதை மறந்தால் நான் மனிதனில்லை.

ஊரில் ஒரு வாத்தியாரிடம் கற்று அவர் கொண்டுவந்தது சிலம்பம். மாலை வேளைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பார். எங்கள் தகராறும் அங்கேதான். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். மரம் வெட்டும் கத்தியும் இடது கையில்தான். கங்காணி கூட வாளி நிறைந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அண்ணனுக்குத்தான் ஆகாது. ஆட்டத்துக்கு முன் மண்ணையும் வாத்தியாரையும் வணங்கிக் கம்பு சுற்றும் சலாம் வரிசையை நான் இடது கையில் தொடங்கினாலே போதும், கத்துவார்.

“எடக்கையால சாமி கும்புடுவியாடா?”

“கும்புடுறப்ப ரெண்டு கையும்தானே அண்ணே சேருது?”

“வாயாடாத. வாத்தியார் வலது கையிலதான் குடுத்தாரு. வலதுலயே புடி.”

ஊரில் கம்பு மூங்கில், இங்கே பிரம்பு. அங்கே காய்ந்த தரை, இங்கே மழையில் வழுக்கும் செம்மண். அதற்காகக் காலடியையே குறுக்கிக்கொண்டார். அதற்கெல்லாம் வாத்தியார் ஒப்புக்கொண்டாராம், என் கைக்கு மட்டும் மாட்டாராம்! நல்ல நியாயம்.

ஒரு திருவிழாவில் தெப்ராவ் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து ஆளோடு என்னை மோதவிட்டார். நுனியில் கரி தடவிய கம்புகள், தொட்ட இடத்தில் பொட்டு விழும். அண்ணன் சொற்படி வலது கையில் பிடித்து நின்றேன். மூச்சு விடுவதற்குள் என் வெள்ளைப் பனியனில் மூன்று கரிப்பொட்டு. கூட்டம் சிரித்தது. அண்ணன் நிதானமாக, “காலடி தப்பிருச்சுடா,” என்றார். காலடியாம்! அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

‘உன் கை சரிதான்’ என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும் என்றிருந்தேன். சொல்லவில்லை. பதினைந்து வருடம் போயிற்று. வேறு வழியின்றி வலது கையையே பழக்கிக்கொண்டேன்.

பிறகு அண்ணனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணியார்தாம் ஊட்டிவிடுவார். சில மாதங்களில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இடது கையில் கம்பு சுற்றத் தொடங்கினார். அந்த வருடத் திருவிழாவில் சலாம் வரிசை வைக்க நான் இறங்கினேன். வழக்கம்போல் வலது கை. திடலோரத்திலிருந்து அண்ணன் குழறிய குரலில் கத்தினார்.

“எடது கைடா! எடது கையில வையி!”

ஊரே பார்த்தது. கம்பை மாற்றினேன். இரண்டாம் திருப்பத்தில் அது நழுவி மண்ணில் விழுந்தது. தினமும் கத்தி பிடிக்கும் கைக்கு அந்த வரிசை ஓடவில்லை.

“வீட்டுக்கு வா, நான் சொல்லித் தர்றேன்,” என்றார். எனக்கு! இடது கையை!

“வாத்தியார் என்ன சொல்லுவாரு?” என்றேன் கடுப்பாக.

“அவரு இருந்தா இதத்தான் சொல்லுவாரு.”

போனேன். தினமும் சண்டைதான். மணிக்கட்டு தளரவில்லை என்பார், கம்பு தாழ்கிறது என்பார். ஒருநாள் பாதியில் நிறுத்தி, “ஒன் கை சரியாத்தான்டா இருந்துச்சு. நான்தான் கெடுத்துட்டேன்,” என்று அழுதுவிட்டார். அவர் அழுதால் நான் யாரிடம் சண்டை போடுவது? அடுத்த வாரம் போய்விட்டார்.

மருந்து கொடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசருக்கும், அண்ணியாருக்குத் துணையிருந்த லயத்து வரிசைவீட்டு மக்களுக்கும், தெப்ராவிலிருந்து ஓடிவந்து பாடைக்குத் தோள் கொடுத்த எனக்கு மூன்று பொட்டு வைத்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதியன்று மாலை கோயில் திடலில் சலாம் வரிசை வைக்கிறேன். வாருங்கள். இடது கையில்தான். இரண்டாம் திருப்பத்தில் இன்னும் தடுமாறுகிறேன். பதினைந்து வருடம் ஓயாமல் கத்தியவர், திருத்தவேண்டிய நேரம் பார்த்துப் போய்விட்டார். இந்த அண்ணனை நான் என்னதான் செய்வது?